கடலில் பார்க்க ஒன்றுமில்லையாம்!

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு தங்கள் பத்திரிகையில் வந்த, யாழ்ப்பாணத்து நெடுந்தீவுப் பயணக் கட்டுரையை வாசித்தேன். குதிரை, பெருக்குமரம், ஒல்லாந்தர் கோட்டை எல்லாம் வழக்கம்போல வந்திருந்தன. சரி. ஆனால், குறிகட்டுவான் துறையில் படகேறினால் ஒரு மணிநேரத்துக்குப் பார்க்க ஒன்றுமில்லை, உறங்கிவிடலாம் என்று எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். நன்றாகவே உறங்கியிருக்கிறார்.

அதே கடல்வழியால்தான் நான் பல வருடம் படிப்பிக்கப் போய்வந்தேன். படகு துறையை விட்டு விலகும்போதே கடற்காகங்கள் பின்னால் வந்துவிடும். மார்கழியில் அவற்றின் தலை வெள்ளை. காதுப் பக்கம் மட்டும் ஒரு கறுப்புப் பொட்டு. பங்குனியில் பார்த்தால் தலை கபில நிறமாகியிருக்கும். திபெத், லடாக் பக்கத்து ஏரிகளுக்கு முட்டையிடப் போகிற ஆயத்தம் அது. ஆலா என்கிற மீன்பிடிக் கடற்பறவைகள் படகை அவ்வளவாக அண்டுவதில்லை. தள்ளிப் பறந்து, அலகைக் கீழே பிடித்தபடி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திடீரென்று தலைகீழாக விழும். மஞ்சள் அலகென்றால் பெரிய கொண்டை ஆலா, செம்மஞ்சள் என்றால் சிறியது. மூக்குக்கண்ணாடி போட்ட எனக்கே தெரிகிறது.

தங்களுக்கு இதெல்லாம் தெரியாததல்ல. இருந்தும் முன்னொருமுறை மண்டைதீவுப் பக்கம் நின்ற பூநாரைகளின் படத்துக்குக் கீழே "கொக்குக் கூட்டம்" என்று போட்டீர்கள். திருத்தச் சொல்லிக் கடிதம் எழுதினேன். வரவில்லை. இடம் போதவில்லையாக்கும். அந்த வாரம் ராசிபலன் மட்டும் ஒரு முழுப் பக்கம்.

பிறகு, நயினாதீவுக்குப் போகிற சனம். கும்பிடத்தான் போகிறார்கள். போகிற வழியில் கடற்காகத்துக்கு மிக்சரை வீசுவது, பின்னாலேயே பொலித்தீன் பையையும் வீசுவது. ஒருமுறை தடுத்தேன். "பறவைக்குச் சாப்பாடு குடுக்கிறது புண்ணியமெல்லோ, அன்ரி" என்றார் ஒரு தம்பி. பையுமா தம்பி என்று கேட்டதற்கு, படகிலிருந்த எல்லோரும் என்னைத்தான் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். இதையெல்லாம் கட்டுரையாளர் எங்கே கண்டார்! நெடுந்தீவின் ஒரு பகுதி 2015 இல் தேசியப் பூங்காவானது; அதற்கும் கட்டுரையில் ஒரு வரி இல்லை.

நான் கேட்பது பெரிதில்லை. இனிமேல் பறவைப் படம் போடும்போது பெயரைத் தெரிந்தவர் ஒருவரிடம் கேட்டுப் போடுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் துறை இருக்கிறது. ஒரு தொலைபேசி அழைப்புப் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
புங்குடுதீவு.