சுகமான பயணமா, ஐயா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு பதிப்பில் 'விடுமுறையில் பெரியவர்கள் வாசிக்க ஐந்து நூல்கள்' என்ற பக்கத்தைப் பசியாறிவிட்டு எடுத்து உட்கார்ந்தேன். மூன்றாவது நூல் ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்'. அதைப் பற்றி உங்கள் விமர்சகர் எழுதியது இது: 'ஒரு சுகமான ரயில் பயணத்தின் அனுபவத்தைத் தரும் நாவல்.'

தலைப்பில் 'ரயிலை'ப் பார்த்தவர் அதற்கு முன்னால் நிற்கும் சொல்லைப் பார்க்கவில்லையா?

உங்களுக்குத் தெரியாததல்ல. 1942, 43இல் சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட ஜப்பான்காரன் நம் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்துக்கொண்டு போனான். கெடாவில் ஒரு தோட்டத்திலிருந்து போனவர்களில் என் அப்பாவும் ஒருவர். அவர் திரும்பி வந்தார். கூடப் போன அவருடைய அண்ணன் வரவில்லை. அப்பாவின் இடது கெண்டைக்காலில் புண் ஆறின குழி ஒன்று இருந்தது. சின்ன வயதில் என் கட்டைவிரலை அதில் வைத்துப் பார்ப்பேன், முழுசாக அடங்கும். 'எப்படிப்பா?' என்று கேட்டால், 'சயாம்ல' என்பதோடு சரி. மீதியை அந்த நாவலைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னதும் உங்கள் பத்திரிகை இல்லை, முடி வெட்டுபவர்.

இது ஒரு நாள் கோளாறு என்றால் விட்டுவிடலாம். உங்கள் பக்கத்தில் வரும் விமர்சனம் பாதிக்குமேல் அணிந்துரையிலிருந்து எடுத்தது, மீதி பின்னட்டை. கடைசி வரி மட்டும் மாறாது: 'ஒவ்வொரு தமிழர் வீட்டிலும் இருக்க வேண்டிய நூல்.' எத்தனை நூல்களை ஐயா வைப்பது? எங்கள் அடுக்குமாடி வீட்டில் அரிசி டின்னுக்கே இடமில்லை. நூல் வெளியீட்டுச் செய்தியானாலும் அதே கதைதான். யார் யாருக்குச் சால்வை போட்டார், யார் முதல் நூலை எவ்வளவு வெள்ளிக்கு வாங்கினார் என்றெல்லாம் நாலு படத்தோடு வரும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு வரி வராது. இந்தப் போக்கில், போர்க்கால மேடான் நகரமும் எங்கள் பினாங்கும் வருகிற 'புயலிலே ஒரு தோணி' நாவலை உங்கள் விமர்சகர் மீனவர்களுக்குப் பரிந்துரைப்பாரோ என்று பயமாக இருக்கிறது.

இதைப் பற்றிப் போன வருடமும் எழுதினேன். 'தங்கள் நூல் பக்கம் அருமை' என்ற முதல் வரியை மட்டும் போட்டு மிச்சத்தை வெட்டிவிட்டீர்கள். அதனால்தான் இந்த முறை அப்படி ஒரு வரி எழுதவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பரிந்துரைக்கும் நூலுக்குக் கீழே பக்கம் எத்தனை, விலை என்ன, எங்கே கிடைக்கும் என்று போடுங்கள். போன மாதம் நீங்கள் புகழ்ந்த ஒரு சிறுகதைத் தொகுப்பைத் தேடி பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி ஏறிப் போய், லிட்டில் இந்தியாவில் மூன்று கடை ஏறி இறங்கினேன். கிடைத்தது ராசிபலன் புத்தகம்தான்.

அப்புறம், என்னிடமுள்ள 'சயாம் மரண ரயில்' பிரதியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். விமர்சகர் படித்துவிட்டுத் திருப்பி அனுப்பட்டும். அதற்கான தபால் தலையும் உள்ளே இருக்கிறது. முதுகு பிய்ந்திருக்கும், பார்த்துத் திறக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பழைய வாசகன்,
பட்டர்வொர்த், பினாங்கு