வணிகப் பேரத்துக்கு வரி அட்டவணை தெரிய வேண்டும்

ஐயா,

பன்னாட்டு வணிகப் பேச்சுவார்த்தையாளர் வேலை பற்றி உங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்தில் வந்த குறிப்பு, சரளமான ஆங்கிலத்துக்கும் பழகும் பாங்குக்கும் முதலிடம் தந்திருந்தது. அவை வேண்டியவைதான். ஆனால் அந்த வேலையின் பெரும்பகுதி சுங்க வரி அட்டவணையோடுதான் கழியும்.

சுங்கத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் தரும் எண்ணான சரக்குக் குறியீட்டின் முதல் 6 இலக்கங்கள் பெரும்பாலான நாடுகளுக்குப் பொது. இந்தியா 8 வரை பிரிக்கிறது. ஒரு சரக்கு எந்த நாட்டுடையது என்று தீர்மானிக்கும் விதியை எத்தனை இலக்க அளவில் எழுதுகிறோம் என்பதில் ஓட்டை விழும். 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய–இலங்கைத் தடையற்ற வணிக ஒப்பந்தத்தையே பாருங்கள். வெளிநாட்டு மூலப்பொருளில் செய்த சரக்கு இலங்கைச் சரக்காக மதிக்கப்பட்டு இங்கே வரிச்சலுகை பெற, மூலப்பொருளின் 4 இலக்கக் குறியீடு மாற வேண்டும். அங்கே நடக்கும் மதிப்புக்கூட்டல் ஏற்றுமதி விலையில் 35 சதவீதமாவது இருக்க வேண்டும். பாமாயில் 1511, வனஸ்பதி 1516. எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றியதுமே முதல் நிபந்தனை தீர்ந்துவிடுகிறது. ஏற்றுமதி விலையைக் கூட்டிக் காட்டுகிறவருக்கு இரண்டாவதும் கடினமில்லை. அப்போது பாமாயிலுக்கு இங்கே வரி அதிகம், அங்கே குறைவு. பிறகு கேட்பானேன்! வனஸ்பதி ஆலைகள் இலங்கையில் முளைத்தன, இந்திய ஆலைகள் முறையிட்டன, கடைசியில் ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் என்று உச்சவரம்பு வந்தது. 15ஆம் அத்தியாயத்துக்குள்ளேயே, அதாவது 15 என்று தொடங்கும் குறியீடுகளுக்குள்ளேயே, நடக்கும் மாற்றம் செல்லாது என்று அந்தச் சரக்குக்கு மட்டும் தனி விதி எழுதியிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது.

பொருளாதார ஆலோசகர் தடுக்கி விழும் இடம் வேறு. இன்று வசூலாகும் நடைமுறை வரியை மட்டும் பார்த்து அமைச்சருக்குக் குறிப்பு எழுதுவார்கள். உலக வர்த்தக அமைப்பிடம் இந்தியா ஒப்புக்கொண்ட உச்சவரி பாமாயிலுக்கு 300 சதவீதம், சோயா எண்ணெய்க்கு வெறும் 45. பாமாயிலுக்கு வரியை ஏற்றினால் இறக்குமதியாளர் சோயாவுக்குத் தாவுவார். சோயாவின் சுங்க வரியோ 45ஐத் தாண்ட முடியாது. இரண்டையும் அருகருகே வைக்காத குறிப்பால் பயனில்லை.

இத்துறைக்கு வர நினைப்பவர்களுக்குக் குடிமைப் பணித் தேர்வில் இந்திய வர்த்தகப் பணி என்றொரு வழி உண்டு. அதற்கு முன்பே வீட்டில் பழகலாம். தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானுடன் இந்தியா செய்த ஒப்பந்தத்தின் பொது விதி 35 சதவீத மதிப்புக்கூட்டலோடு 6 இலக்க மாற்றத்தைக் கேட்கிறது. வெளியிலிருந்து வரும் தாமிரக் கழிவை (7404) சுத்திகரித்த தாமிரமாக்கி (7403) இரண்டு ஒப்பந்தங்களிலும் வைத்து, எதில் எந்த நிபந்தனை உண்மையில் தடுக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

– வாசகர், தூத்துக்குடி