ஜான்சன் வீட்டு மரம்

அன்புள்ள அந்தோணி,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்த பிறகுதான் நிம்மதி. அதற்காகக் குடில் கட்டுகிறேன் என்று ஏணியில் ஏறிவிடாதே. மகனை ஏறச் சொல்.

கிறிஸ்துமஸ் மரத்தில் முதலில் பல்பு மாட்டியது எடிசன்தானே என்று கேட்டிருந்தாய். அவர் இல்லை, அவருடைய கம்பெனியின் துணைத் தலைவர் எட்வர்ட் ஜான்சன். 1882 டிசம்பரில், நியூயார்க்கில், தன் வீட்டில். சிவப்பு, வெள்ளை, நீலம் என்று 80 பல்புகள்; ஒவ்வொன்றும் வால்நட் அளவு. அதுவரை மரத்தில் மெழுகுவர்த்திதான். காய்ந்த கிளையில் நெருப்பு! எப்படித்தான் துணிந்தார்களோ.

எனக்குப் பிடித்தது பல்பு இல்லைடா, அதை அவர் மினுக்க வைத்த விதம். மரம் ஒரு பெட்டியின் மேல் நின்று நிமிஷத்துக்கு ஆறு சுற்று சுற்றியிருக்கிறது. அடியில் ஒரு சின்ன டைனமோவை மோட்டாராக ஓட விட்டிருக்கிறார். மரத்தில் செம்புப் பட்டைகள். சுற்றச் சுற்ற கான்டாக்ட் மாறி ஒரு நிறம் அணையும், அடுத்தது எரியும். ஐடிஐயில் நம் வாத்தியார் பார்த்திருந்தால் அன்றைக்கு வேறு பாடமே நடத்தியிருக்க மாட்டார்.

உள்ளூர்ப் பத்திரிகைகள் விளம்பர வேலை என்று ஒதுக்கிவிட்டன. டெட்ராய்ட் பத்திரிகை ஒன்றுக்கு எழுதிய நிருபரால்தான் விஷயம் வெளியே வந்தது. விளம்பரம்தான், அதில் சந்தேகமென்ன? எடிசனின் பேர்ல் தெரு மின் நிலையம் அந்த செப்டம்பரில்தான் ஓட ஆரம்பித்திருந்தது. கரண்ட் விற்க வந்தவன் தன் வீட்டிலேயே கடை விரித்தான், அவ்வளவுதான். அதனால் வேலையின் அழகு குறைந்துவிடாது.

ஆனால் ஊருக்குப் பரவ வெகு நாளாயிற்று. பல வீடுகளில் கரண்டே இல்லை. இருந்த பணக்காரர்களும் வயர்மேனைக் கூப்பிட்டு ஒவ்வொரு பல்பாக இணைக்க வேண்டியிருந்தது. ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி 1903இல்தான் ரெடிமேட் செட் விற்க வந்தது. பிறகு பல காலம் அங்கே ஓடியது 120 வோல்ட் லைனில் 15 வோல்ட் பல்பு எட்டு, சீரியலில். ஒன்று போனால் எட்டும் போச்சு. நாம் ஆறு வோல்ட் பல்புகளைக் கோத்துவிட்டு, போன பல்பைத் தேடி இரவெல்லாம் டெஸ்டரோடு உட்கார்ந்த அதே தலைவலி, அங்கேயும்.

இப்போது எல்இடி. பேரன் பெட்டியைப் பிரித்து பிளக்கில் செருகுகிறான், எரிகிறது. என்னை ஒரு வார்த்தை கேட்பதில்லை.

மேரியைக் கேட்டதாகச் சொல். 26ஆம் தேதி வருகிறோம். கேக் மிச்சம் வை.

அன்புடன்,
சுந்தரம்