கறிக்கோழித் தீவன ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆய்வாளர்களுக்கு,

வணக்கம். சோயா பிண்ணாக்குக்குப் பதிலாகப் புளிக்க வைத்த விதைகளைக் கறிக்கோழிக் குஞ்சுகளுக்குத் தரலாம் என்று நீங்கள் எழுதுவதை விடாமல் படிக்கிற பண்ணையாளன் நான். வளர்ப்புச் செலவில் 60, 70 சதவீதம் தீவனத்துக்கே போகிறவன் படிக்காமல் என்ன செய்வான்? ஆனால் படித்ததை வைத்து ஒரு மூட்டை தீவனம் கலக்க முடியவில்லை.

முதலில் புரதக் கணக்கு. புளித்தபின் புரதம் கூடியது என்கிறீர்கள். நுண்ணுயிர்கள் மாவுச்சத்தைத் தின்று கரியமில வாயுவாக வெளியே விடுகின்றன, சரக்கின் எடை இறங்குகிறது. உலர் எடையில் 100 கிலோ விதை 90 கிலோவானால், 20 சதவீதமாக இருந்த புரதம் 22-ஐத் தாண்டிக் காட்டும், ஒரு கிராம்கூடக் கூடாமலே! அது மட்டுமா, கச்சாப் புரதம் என்பது நைட்ரஜனை 6.25-ஆல் பெருக்கி வருகிற எண். நொதிக்க யூரியா போட்டிருந்தால், மிச்சம் நிற்கிற யூரியாவும் புரதக் கணக்கில் ஏறிவிடும். குஞ்சுக்கு வேண்டியது புரதத்தில் உள்ள லைசின், மெத்தியோனின் என்ற அமினோ அமிலங்கள். ஆகவே எவ்வளவு எடை போனது, செரிக்கக்கூடிய லைசின் எவ்வளவு நின்றது என்று சொல்லுங்கள். எந்தச் சூட்டில் உலர்த்தினீர்கள் என்பதையும் சொல்லுங்கள். சூடு மிஞ்சினால் லைசின் சர்க்கரையோடு பிணைந்து வீணாகிவிடும்.

அப்புறம் நச்சு. பருத்திக்கொட்டையில் காசிபால், ரப்பர் விதையில் சயனைடு தரும் லினமாரின், காட்டாமணக்கில் சூட்டுக்கும் அசையாத போர்பால் எஸ்டர். ஒன்றுக்கு வேலை செய்த நுண்ணுயிர் இன்னொன்றுக்கும் செய்யும் என்று நாங்களாக எடுத்துக்கொள்ள முடியாது. புளிக்கும் முன்னும் பின்னும் எவ்வளவு இருந்தது என்ற எண் இல்லாமல் "குறைந்தது" என்று மட்டும் எழுதினால் யார் துணிந்து போடுவது?

கொத்தவரை விதையில் நச்சைவிடப் பிசின்தான் தொல்லை. குடலில் கூழாக நின்று, எச்சம் பிசுபிசுத்துக் குஞ்சின் பின்புறத்தில் ஒட்டும். தரையில் பரப்பிய கூளம் ஈரமாகும், கொட்டகையில் அம்மோனியா கண்ணை எரிக்கும். குனிந்து பார்த்தாலே தெரிகிற சங்கதி இது. எடை, தீவன மாற்று விகிதம் (ஒரு கிலோ எடை கூட எத்தனை கிலோ தீவனம் என்ற கணக்கு) எல்லாம் போடுகிற அட்டவணையில் எச்சத்துக்கும் ஒரு பத்தி ஒதுக்கக் கூடாதா?

வயது விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. சுமார் 40 கிராம் எடையோடு பொரிந்து வருகிற குஞ்சுக்குச் செரிமான நொதிகளைச் சுரக்கும் கணையம் இன்னும் முழுதாக வேலை தொடங்கியிருக்காது. புளித்த தீவனம் உதவுவதானால் அந்த முதல் வாரத்தில்தான் உதவ வேண்டும், கெடுத்தாலும் அப்போதுதான் அதிகம் கெடுக்கும். மூன்றாம் வாரத்தில் சோதனையைத் தொடங்கிவிட்டு, தலைப்பில் "குஞ்சுகள்" என்று போடாதீர்கள்.

ஆய்வகத்தில் கிருமி நீக்கிய விதையில் தூய பேசில்லஸ் பாக்டீரியாவை இடுகிறீர்கள். எங்களிடம் இருப்பது பீப்பாயும், புளிப்பை அளக்கும் பி.எச். தாளும். பி.எச். 4.5-க்குக் கீழே எத்தனை மணி நேரத்தில் இறங்க வேண்டும், இறங்காவிட்டால் அந்தச் சரக்கைக் கொட்டிவிடுவதா? அஃப்ளாடாக்சின் என்ற நச்சைத் தரும் பூஞ்சை முந்திக்கொண்டால் முழுத் தொகுதியும் போச்சு. சோதனையில் கெட்டுப்போன பீப்பாய்களைப் பற்றியும் எழுதுங்கள். எந்த ஈரப்பதத்தில், எந்த நாளில் கெட்டது என்பதோடு.

இப்படிக்கு,
ஒரு கறிக்கோழிப் பண்ணையாளன்