காலி டேங்கை நிரம்பியதாகக் காட்டும் சென்சார்: வாரண்டியில் மாற்றித் தரக் கோரும் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர்

பொருள்: என் ஆர்.வி.யின் (தங்கும் வசதியுள்ள பயண வண்டி) பிளாக் டேங்க் (டாய்லெட் கழிவு சேரும் தொட்டி), கிரே டேங்க் (சிங்க், ஷவர் தண்ணீர் சேரும் தொட்டி) ஆகியவற்றின் அளவு காட்டும் சென்சார்கள்

ஐயா / அம்மா, வணக்கம்.

இதைப் போனில் சொல்லிவிட்டேன், மெயிலில் எழுதிவிட்டேன், வண்டியையே கொண்டுவந்து காட்டிவிட்டேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு புகார் எண் தருகிறீர்கள். பழைய எண்ணைச் சொன்னால் ‘அது முடிந்துவிட்டது’ என்கிறீர்கள். எதுவும் முடியவில்லை. பிளாக் டேங்கைச் சொட்டு மிச்சமில்லாமல் வடித்த பிறகும், அளவு காட்டும் பேனலில் ‘மூன்றில் இரண்டு பங்கு’ விளக்கு எரிகிறது. சில நாள் ‘நிரம்பியது’ விளக்கும் கூடவே எரிகிறது. எந்த மாடல், எந்தச் சென்சார் என்று நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வண்டி உங்களுடையது, பொருத்தியதும் நீங்கள்.

கடைசியாகப் போனில் பேசிய உங்கள் ஊழியரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பேசி முடிக்கும் முன்பே, “சார், உங்க டாய்லெட்டை நீங்கதான் கழுவணும், அதுக்கெல்லாம் எங்களைக் கூப்பிடாதீங்க” என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார். ஸ்பீக்கரில் என் மனைவியும் கேட்டுக்கொண்டிருந்தார். காசு கொடுத்து வண்டி வாங்கியவரிடம் பேசும் பேச்சா இது? அந்த உரையாடல் உங்களிடம் பதிவாகி இருக்கும். தயவுசெய்து நீங்களே போட்டுக் கேளுங்கள்.

கழுவாமலா இருக்கிறோம்? பிளாக் டேங்க் வால்வைத் திறந்தே வைத்தால் தண்ணீர் மட்டும் ஓடிவிட்டு, கெட்டியானது அடியில் குவிந்து இறுகிவிடும் என்று எங்களுக்கும் தெரியும். அதனால் எப்போதும் மூடித்தான் வைக்கிறோம். நன்றாக நிரம்பிய பிறகே டம்ப் ஸ்டேஷனில் (கழிவை வடிக்கும் இடத்தில்) திறக்கிறோம். முதலில் பிளாக், அப்புறம் கிரே. வடித்ததும் அடித்தளம் மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு, கழிவைக் கரைக்கும் என்சைம் ஊற்றுகிறோம். சீக்கிரம் கரையும் பேப்பரைத் தவிர வேறு எதையும் உள்ளே போடுவதில்லை. பாத்திரங்களில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து எடுத்த பிறகே சிங்க்கில் கழுவுகிறோம், கிரே டேங்க் சென்சாரிலும் அது படியக் கூடாதே என்று. டேங்கை நிறைத்து இரவு முழுக்க ஊறவைத்தும் பார்த்தாயிற்று. இதற்கு மேல் ஒரு குடும்பம் என்ன செய்யும்?

நீங்கள் சொல்லும் யோசனைகளாவது ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா? ஒருவர் பிளீச் ஊற்றச் சொன்னார். இன்னொருவர், பிளீச் வால்வின் ரப்பர் சீலைக் கெடுக்கும், என்சைமையும் வேலை செய்யவிடாது, ஊற்றவே கூடாது என்றார். வேறொருவர் ஐஸ் கட்டிகளைப் போட்டு வண்டியை ஓட்டச் சொன்னார். ஐஸ் தண்ணீரில் மிதக்கும். சுவரில் காய்ந்து ஒட்டியிருப்பதை அது எப்படிச் சுரண்டும்?

கோளாறு எங்கே என்று நானே பார்த்துச் சொல்லிவிட்டேன். டேங்கைக் காலி செய்துவிட்டு, டேங்க் சுவரைத் துளைத்து உள்ளே நீளும் சென்சார் திருகின் வெளிப்புறத்தில் இருந்து வயரைக் கழற்றினேன். விளக்கு அணைந்தது. மாட்டியதும் மறுபடி எரிந்தது. அதே பேனலில் நல்ல தண்ணீர் டேங்கின் அளவு சரியாகவே காட்டுகிறது. ஆக, பேனலிலும் குற்றமில்லை, வயரிங்கிலும் குற்றமில்லை. டேங்கின் உட்சுவரில் ஈரமான படிவு ஒரு திருகையும் இன்னொரு திருகையும் இணைத்து மின்சாரத்தைக் கடத்துகிறது. அங்கே ஏன் படிகிறது என்பதற்குப் படமும் அனுப்பினேன். டாய்லெட் குழாய் இறங்கும் இடத்தை ஒட்டியே சென்சார்களைத் துளைத்து வைத்திருக்கிறீர்கள். விழுகிற பேப்பர் எல்லாம் நேராக அதன்மேல்தான் விழும். டேங்கின் உள்ளே கழுவ நீங்கள் வைத்த ஃபிளஷ் நாசிலின் தண்ணீரோ எதிர்ச்சுவரில் பீய்ச்சுகிறது. இது எங்கள் சுத்தக் குறைவா, உங்கள் தயாரிப்புக் குறைவா? அந்த மெயிலுக்கு வந்த பதில், ‘உங்கள் கருத்துக்கு நன்றி.’

சர்வீஸ் சென்டருக்கு வந்ததை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. லீவு போட்டு, அவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டு வந்து விட்டேன். டேங்கைக் காலி செய்து கொண்டுவரச் சொன்னீர்கள், செய்தேன். நாள்கணக்கில் வெயிலில் நிறுத்தி வைத்துவிட்டு, கடைசியில் பேனலை மட்டும் அழுத்திப் பார்த்து, ‘காலி என்றுதான் காட்டுகிறது, கோளாறு எதுவும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் உங்கள் மெக்கானிக். சும்மா நின்ற டேங்கில் படிவு காய்ந்து போயிருந்தது. காய்ந்த படிவு மின்சாரத்தைக் கடத்தாது, அதனால் விளக்கு எரியவில்லை. நனைந்தால் மறுபடி கடத்தும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு வடித்துப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். இதற்குப் பரிசோதனைக் கட்டணம் வேறு வாங்கினீர்கள்! வீட்டுக்கு வந்து டாய்லெட்டைப் பயன்படுத்திய முதல் நாளே விளக்குகள் பழையபடி எரிந்தன.

எப்போது பார்த்தாலும் ‘நிரம்பியது’ என்றே காட்டினால், உண்மையிலேயே நிரம்பும்போது யார் நம்புவார்கள்? அப்படித்தான் ஒரு இரவு கிரே டேங்க் நிரம்பி, அழுக்குத் தண்ணீர் ஷவர் வடிகால் வழியாக மேலே ஏறி வண்டிக்குள் பரவியது. பிள்ளைகளின் படுக்கை, துணி எல்லாம் போயிற்று. அந்த நாற்றம் இனி இந்த வண்டியை விட்டுப் போகவே போகாது. பாதி விலைக்குக் கூட இதை யாரும் வாங்க மாட்டார்கள். எங்கள் விடுமுறை மொத்தமும் பாழ். இதற்கெல்லாம் யார் ஈடு கட்டுவது?

உங்களோடு சண்டை போட வேண்டும் என்பது என் எண்ணம் இல்லை. வண்டி மற்றபடி நல்ல வண்டி, அதனால்தான் இவ்வளவு பொறுமையாக எழுதுகிறேன். கழிவைத் தொடாமல், டேங்கின் வெளிச்சுவரில் ஒட்டி அளவைக் காட்டும் சென்சார்கள் இருக்கின்றன. பிளாக் டேங்க், கிரே டேங்க் இரண்டுக்கும் அவற்றை உங்கள் செலவில் பொருத்திக் கொடுங்கள். வாங்கிய பரிசோதனைக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுங்கள். அந்த ஊழியரிடமிருந்து எழுத்தில் மன்னிப்பு வர வேண்டும், என் மனைவி பெயரையும் சேர்த்து.

வாரண்டி முடியும்வரை இழுத்தடிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். 15 நாளுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். மெயில்கள், படங்கள், உங்கள் மெக்கானிக் கையெழுத்திட்ட தாள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. இனி வண்டியை அங்கே ஓட்டிக்கொண்டு வர மாட்டேன். ஆளை இங்கே அனுப்புங்கள். வருகிறவர் டேங்கில் தண்ணீர் விட்டு, வடித்து, அதன் பிறகு பேனலைப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்