பலகைப் புராணம்

திருச்சி,
ஞாயிறு மாலை

அன்புள்ள சீனு,

உன் கடிதம் வந்து மாதக்கணக்கில் ஆகிறது. சாக்குச் சொன்னால் நீ நம்பமாட்டாய், திட்டுகிற திட்டைத் திட்டிவிட்டு மேலே படி. இங்கே எல்லோரும் சௌக்கியம். கமலாவுக்கு முழங்கால் வலி வழக்கம்போல். கணக்கு வாத்தியாரின் மகனைக் கல்யாண வீட்டில் பார்த்தேன். அதே மூக்கு, அதே கோபம். மூன்றாம் பெஞ்ச் விவகாரம் அவர் வீடுவரைக்கும் போயிருக்கிறதடா, எச்சரிக்கையாக இரு.

மாப்பிள்ளை எங்களை இலங்கைக்கு அழைத்துப்போனார். நுவரெலியாவில் ஓட்டல் ரசீதில் 'ஹாஃப் போர்டு' என்று போட்டிருந்தது. "பாதிப் பலகைக்கா இவ்வளவு காசு?" என்று கமலா ஆரம்பித்துவிட்டாள். வரவேற்பில் இருந்த தம்பி, "காலமைச் சாப்பாடும் இரவுச் சாப்பாடும் இதுக்குள்ள வருது அம்மா, மத்தியானம் நீங்கள்தான் பார்த்துக்கொள்ளவேணும்" என்றான். மூன்று வேளையும் என்றால் ஃபுல் போர்டு. கண்டியில் 'போர்டிங்'கில் இருந்து படித்தவனாம் அவன். நாம் ரூம் எடுத்துத் தங்குவது என்கிறோமே, அதற்கு அங்கே அந்தப் பேர்.

சாப்பாட்டுக்கு எப்படிடா பலகை என்று பேர் வந்தது? ஊர் திரும்பியதும் அகராதியும் கையுமாக உட்கார்ந்தேன். கமலா காபி வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடுகிறாள். உனக்காவது சொல்லித் தீர்க்கிறேன்.

பழைய இங்கிலாந்தில் பெரிய வீடுகளில்கூட நிலையான சாப்பாட்டு மேசை அபூர்வம். கூடத்தில் தாங்கிகளை நிறுத்தி மேலே நீளப் பலகையைப் போடுவார்கள். சாப்பிட்டானதும் கழற்றிச் சுவரோரம் சாத்திவிடுவார்கள். அந்தப் பலகைதான் போர்டு. அதன்மேல் வைத்த சோற்றுக்கும் அதே பேர் வந்தது. காசு கொடுத்து ஒருவர் வீட்டில் தங்கிச் சாப்பிடுகிறவன் போர்டர். அதே பலகையைச் சுற்றி உட்கார்ந்து விவகாரம் பேசினவர்களும் கடைசியில் போர்டு ஆகிவிட்டார்கள். கிரிக்கெட் போர்டு, டைரக்டர்கள் போர்டு, 1786இல் கும்பினிக்காரன் மெட்ராசில் வைத்த ரெவின்யூ போர்டு, எல்லாம் ஒரே வம்சம். மரம் போய் மனுஷர்கள் மிச்சம். சில போர்டுகளைப் பார்த்தால் மனுஷர்கள் போய் மரம்தான் மிச்சமோ என்று தோன்றும். அதிகம் பேசக்கூடாது, பென்ஷன் வாங்குகிறவன்.

நாம் ஒன்றும் குறைந்தவர்களில்லை. மதுரைப் பொற்றாமரைக் குளத்துச் சங்கப் பலகையை நினைத்துப் பார். தகுதியுள்ள புலவன் வந்தால் இடம் கொடுத்து நீளுமாம், மற்றவனுக்கு இடமே இல்லையாம். புராணமோ என்னவோ, இப்படி ஒரு பலகை கிடைத்தால் நாட்டில் எத்தனை போர்டு மீட்டிங் கோரத்துக்கு ஆள் இல்லாமல் கலையும்!

சீட்டாட்டத்திலும் இந்தப் பலகை உண்டு. ஒளிவுமறைவு இல்லாத காரியத்தை 'அபவ் போர்டு' என்கிறார்களே, கை மேசைக்கு மேலே எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இருக்கவேண்டும் என்பதிலிருந்து வந்ததாம். நம் ரம்மி கோஷ்டியில் உன் கை எங்கே இருந்தது என்று நான் கேட்கவில்லை.

உன் கப்பல் சமாசாரத்துக்கு வருகிறேன். தூத்துக்குடியில் நீ 'ஸ்டார்போர்டு, ஸ்டார்போர்டு' என்று அலட்டும்போது நட்சத்திரத்தைப் பார்த்துக் கப்பல் ஓட்டுவதால் வந்த பேர் என்று ஆறுமுகத்திடம் அளந்தாயே, அந்தப் புளுகு உடைந்துவிட்டது. ஸ்டாருக்கும் வானத்துக்கும் சம்பந்தமில்லை. சுக்கான் பின்பக்கம் போவதற்கு முந்தின காலத்தில், வலப்புறத்தில் பெரிய துடுப்பைக் கட்டித்தான் கப்பலைத் திருப்பினார்கள். திருப்புகிற பக்கம், ஸ்டியர் போர்டு, அவ்வளவுதான். பழைய ஆங்கிலத்தில் கப்பலின் விலாவுக்கும் இதே சொல். இடப்பக்கம் லார்போர்டு. புயலில் கத்தினால் இரண்டும் ஒன்றுபோலக் காதில் விழுமா விழாதா? 1844இல் பிரிட்டிஷ் கடற்படை லார்போர்டை விட்டுவிட்டு 'போர்ட்', அதாவது துறைமுகம், என்றே சொல்லும்படி உத்தரவு போட்டது. துடுப்பு நசுங்காமலிருக்க இடப்பக்கத்தைத்தானே கரையில் அணைப்பார்கள். விமானத்திலும் பயணிகளை இன்னும் இடப்பக்கமாகவே ஏற்றுகிறான். இத்தனை வருஷம் கப்பலில் சம்பளம் வாங்கினவன் இதைச் சொல்லியிருக்கவேண்டாமா?

நம் வீட்டுக் கப்போர்டும் ஆரம்பத்தில் கோப்பைகளை அடுக்கும் வெறும் பலகைதானாம், கதவெல்லாம் அப்புறம். பஸ்ஸில் 'போர்டு மாத்திட்டான்' என்று நாம் அலறுவது, ஸ்விட்ச் போர்டு, கேரம் போர்டு எல்லாவற்றையும் எழுதினால் தபால்காரர் என்னை அடிப்பார்.

என் சொந்தக் கதையும் இதில்தான். 1957இல் அமைந்த மின்சார வாரியம் எங்களுக்கு எப்போதும் 'போர்டு'. அதில்தான் சேர்ந்தேன். 2010 நவம்பரில் பிரித்துக் கம்பெனிகளாக்கினார்கள். கம்பெனியிலிருந்து ரிடையர் ஆனேன். தெருவில் கரண்ட் போனால் யாராவது கம்பெனி பேரைச் சொல்கிறார்களா? ஈ.பி.க்குப் போன் போடு என்பதுதான் இன்றைக்கும்.

அப்பா ஜில்லா போர்டு வாத்தியார் என்பது உனக்குத் தெரியும். இங்கிலாந்தில் 1870 சட்டத்தில் பள்ளிக்கூடம் போதாத ஊர்களில் ஸ்கூல் போர்டு வைத்து, அது நடத்திய பள்ளியைப் போர்டு ஸ்கூல் என்றார்கள். நம் பக்கம் ஜில்லா போர்டு நடத்தியதால் நமக்கும் அதே பேர். 1958 சட்டத்தோடு ஜில்லா போர்டு ஒழிந்த பிறகும் ஊரில் யாரும் பேரை மாற்றவில்லையே. அப்பாவை மாற்றல் மாற்றலாகத் துரத்தினார்கள். ஒவ்வொரு ஊரிலும் ஏதோ ஒரு திண்ணையில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, சனிக்கிழமை ராத்திரி வீட்டுக்கு வருவார். ஞாயிறு சாயங்காலம் பையை எடுக்கும்போது அம்மா சமையலறையை விட்டு வெளியே வரமாட்டாள்.

இதெல்லாம் ஏன் இப்போது வருகிறது என்றால், முரளி தன் பையனை நாமக்கல் பக்கம் போர்டிங்கில் போடப்போகிறானாம். இந்த வருஷம் அவனுக்குப் பத்தாவது. வீட்டில் 'போர்டு எக்ஸாம், போர்டு எக்ஸாம்' என்று டி.வி.யை மூடிவைத்திருக்கிறார்கள். நான் இருமினால்கூட மருமகள் எட்டிப் பார்க்கிறாள். பரீட்சை முடிந்ததும் ப்ளஸ் ஒன்னுக்கு அங்கேயே தங்கிப் படிக்கவேண்டுமாம். விடியுமுன் எழுப்பிப் படிக்க வைப்பார்களாம், மாதம் ஒருமுறைதான் பார்க்கலாமாம். இதை ஒரு வசதி மாதிரிச் சொல்கிறான் முரளி. பையன் ஒன்றும் சொல்வதில்லை. முன்பெல்லாம் ராத்திரி என்னோடு கேரம் ஆட வருவான், இப்போது கூப்பிட்டால் "படிக்கணும் தாத்தா" என்கிறான். மார்க் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை சீனு. திருச்சியில் இல்லாத பள்ளிக்கூடமா? பதினைந்து வயதுப் பிள்ளை வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் படித்தால் மார்க் குறைந்துவிடுமா? நான் வாய் திறந்தால், "உங்க காலம் வேறப்பா" என்று முடித்துவிடுகிறான்.

நீ சொன்னால் கேட்பான். சின்ன வயதிலிருந்தே என்னைவிட உன் பேச்சுக்குத்தான் மதிப்பு, உன் ஃபாரின் சாக்லேட் செய்த வேலை. வருகிற ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குமேல் அவனுக்குப் போன் போடு, அதற்கு முன்னால் எழுந்திருக்கமாட்டான். நான் சொல்லித்தான் பேசுகிறாய் என்று காட்டிக்கொள்ளாதே. அட்வான்ஸ் கட்டுவதற்குள் பேசிவிடு. கமலா உன்னை விசாரித்தாள், மக்ரூன் கேட்டாள்.

உன்,
வைத்தி