அந்த அசதியை வயசின் கணக்கில் எழுதாதே

பாளையங்கோட்டை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள விஜி,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் தவழ ஆரம்பித்துவிட்டான் என்ற வரியை எங்க வீட்டுக்காரருக்கும் வாசித்துக் காட்டினேன். இங்கே மாடிப்படி வேலை ஒருவழியாக முடிந்தது. சின்னவள் வேலை கிடைத்து ஓசூர் போய்விட்டாள். வீடு வெறிச்சென்று இருக்கிறது. மற்ற சேதியெல்லாம் நேரில். "எட்டு மணி நேரம் படுத்தாலும் காலையில் அடித்துப் போட்டாற்போல இருக்கு, வயசாகுதில்ல" என்று கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருந்தாயே, என் மனசு அதிலேயே நிற்கிறது.

வயசு என்று முடிவு கட்டாதே விஜி. இதே அசதி எனக்கும் இருந்தது. ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, பி12 எல்லாம் பார்த்தோம். நீயும் முதலில் அதைப் பார்த்துவிடு, நம் வயசுப் பெண்களுக்குப் பல நேரம் காரணம் அங்கேயே அகப்படும். எனக்கு எல்லாம் சரியாக இருந்தது, சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அப்புறம் பார்த்த நுரையீரல் டாக்டர்தான் வேறு மாதிரிக் கேட்டார். எழுந்ததும் தலை வலிக்கிறதா, வாய் காய்ந்து கிடக்கிறதா, ராத்திரி அடிக்கடி பாத்ரூம் போகிறீர்களா, குறட்டை உண்டா? கடைசிக் கேள்விக்கு இவர் முந்திக்கொண்டு, "நல்லா குறட்டை விட்டு அசந்து தூங்குவா டாக்டர்" என்றார். குறட்டை என்றால் நிம்மதியான தூக்கம் என்றுதானே நம் வீடுகளில் எல்லோரும் நினைக்கிறோம்.

தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சு போகிற வழி அடைத்துக்கொள்கிறதாம். 10 நொடி, சமயத்தில் அதற்கும் மேலே மூச்சு நின்றுபோகும். ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்கியதும் மூளை உசுப்பிவிடும். ஒரு திணறல், திரும்ப மூச்சு. கண் விழிக்காததால் காலையில் நமக்கு எதுவும் நினைவிருக்காது. மூச்சு இப்படித் தடைபடுவது மணிக்கு 5 முறைக்கு மேல் இருந்தால் ஸ்லீப் ஆப்னியா, 30-ஐத் தாண்டினால் தீவிரம். இரவு முழுக்க இது நடந்தால் படுத்திருந்த நேரம் எட்டு மணியாக இருந்து என்ன பயன்? ஆழ்ந்த தூக்கத்துக்கு உடம்பு போய்ச் சேரவே விடாது. ரத்த அழுத்தமும் ஏறும்.

குண்டாக இருப்பவர்களுக்குத்தான் வரும் என்று நினைத்து உன்னை விலக்கிக்கொள்ளாதே. தாடை சிறிதாக இருந்தால் ஒல்லியானவர்களுக்கும் வரும். மாதவிலக்கு நின்ற பிறகு நமக்கு இது கூடுகிறது. ஆண்களைப் போல ஊரை எழுப்பும் குறட்டை பல பெண்களுக்கு இருப்பதில்லை. அசதி, தலைவலி, தூக்கம் கலைவது என்றுதான் வெளியே தெரியும். அதனாலேயே கண்டுபிடிக்காமல் விட்டுப்போகிறது. அண்ணன் போன பிறகு நீ தனியாகப் படுக்கிறாய், மூச்சு திணறினாலும் சொல்ல ஆளில்லை. ஓர் இரவு தலைமாட்டில் போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டுப் படு. காலையில் மருமகளோடு உட்கார்ந்து கேள்.

எனக்குச் சோதனையை வீட்டிலேயே செய்தார்கள். விரலில் ஒரு கிளிப், மூக்கில் மெல்லிய குழாய், மார்பைச் சுற்றி ஒரு பட்டை, அவ்வளவுதான். நடுத்தர அளவு என்று வந்தது. இப்போது சீபாப் கருவியை மாட்டிக்கொண்டு தூங்குகிறேன். காற்றை லேசான அழுத்தத்தில் அனுப்பி அந்த வழி மூடாமல் வைத்திருக்கிறது. சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் 1981-ல் வெளியிட்ட முறையாம். ஆரம்பத்தில் மாஸ்க் உறுத்தியது, பழகப் பழகச் சரியாயிற்று. காலைத் தலைவலி போனது. மத்தியானம் பேப்பரை விரித்தால் கண் சொருகுவதில்லை. எல்லோருக்கும் கருவி வேண்டும் என்றில்லை. சிலருக்கு ஒருக்களித்துப் படுப்பதும் எடை குறைப்பதுமே நல்ல பலன் தருமாம். அதை டாக்டர் சொல்லட்டும்.

நீ மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடும் தூக்க மாத்திரை எனக்குப் பயமாக இருக்கிறது. சில மாத்திரைகள் அந்தத் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தி மூச்சையும் மந்தமாக்கிவிடும். டாக்டரைப் பார்க்கும்போது அந்த அட்டையை மறக்காமல் கையோடு கொண்டுபோ. சாயங்காலக் காபியையும் விட்டுப் பார், காபி மத்தியானத்தோடு போதும். குடித்த காபியில் உள்ள கஃபீனில் பாதி கழியவே ஐந்து மணி நேரம் போல ஆகும். ஆறு மணிக்கு நீ குடிக்கும் டிகாக்‌ஷன் படுக்கப் போகும்போதும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். தூக்கம் வராமல் புரண்டால் எழுந்து வேறு அறையில் மங்கலான விளக்கில் உட்கார், கண் சுழன்றதும் வந்து படு. காலையில் மட்டும் தினமும் ஒரே நேரத்துக்கு எழுந்துவிடு. எழுந்து கொஞ்ச நேரம் வாசல் வெளிச்சத்தில் நில்.

ஒரு சின்னக் கணக்கும் போட்டு அனுப்பு. மெல்போர்னில் முர்ரே ஜான்ஸ் என்ற மருத்துவர் 1991-ல் வெளியிட்ட எட்டுக் கேள்விகள்: படிக்கும்போது, டி.வி. பார்க்கும்போது, கூட்டத்திலோ தியேட்டரிலோ சும்மா உட்கார்ந்திருக்கும்போது, ஒரு மணி நேரம் நிற்காமல் போகும் காரில், மத்தியானம் படுத்தால், ஒருவரோடு உட்கார்ந்து பேசும்போது, சாப்பிட்டு அமைதியாக இருக்கும்போது, சிக்னலில் கார் நிற்கும்போது கண் அசந்துவிட எவ்வளவு வாய்ப்பு? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை போடு. மொத்தம் 10-ஐத் தாண்டினால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போக வேண்டும். குறைவாக வந்தாலும் இந்த அசதி நீடித்தால் நீ போகத்தான் வேண்டும்.

ஆடி கழிந்ததும் திருச்சி வருகிறேன். அதற்குள் நீ போகவில்லை என்றால் நானே கூட்டிக்கொண்டு போவேன். மதிப்பெண்ணைப் போனில் சொல், கடிதத்துக்குக் காத்திருக்க முடியாது. பேரனுக்கு என் முத்தம்.

உன்,
கோமதி